வந்தவர் போகாத ஊர்

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தான் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவைத்தது, ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்கு எட்டவில்லை. ரைன் நதிக்கரையில் இருக்கும் அந்தப் பெரிய ஊரின் இரண்டாயிரம் வருஷச் சரித்திரம் இவ்வளவுதான்: யாராவது வருவார்கள். வந்தவர்கள் போக மாட்டார்கள்.

முதலில் ரோமானியர்கள் வந்தார்கள். அக்கரையில் சிவனே என்று இருந்த உபியர் கூட்டத்தை இக்கரைக்குக் கொண்டுவந்து குடிவைத்துவிட்டு, தாங்களும் பக்கத்திலேயே பாயை விரித்தார்கள். அங்கே கி.பி. 15இல் ஒரு தளபதிக்குப் பெண் பிறந்தது. பெயர் அக்ரிப்பினா. வளர்ந்ததும் அந்தப் பெண் சொந்தச் சித்தப்பாவையே கட்டிக்கொண்டது. சித்தப்பா கிளாடியஸ் சக்கரவர்த்தி என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. செனட் சபையே கூடி, அண்ணன் மகளைக் கட்டலாம் என்று ஒப்புதல் கொடுத்தது. மறு வருஷம், கி.பி. 50இல், பிறந்த ஊருக்குச் சீர் போல நகர அந்தஸ்து வந்துசேர்ந்தது. கூடவே ஒரு பெயர்: கொலோனியா கிளாடியா ஆரா அக்ரிப்பினென்சியம். மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் போட்ட கல்யாணப் பத்திரிகை மாதிரி. பிறகு சித்தப்பா காளான் சாப்பிட்டுச் செத்துப்போனார். ஊரே பெண்டாட்டியைப் பார்த்தது. அவளை அவள் பெற்ற பிள்ளை நீரோவே கொன்றான். குடும்பம் விளங்காமல் போனாலும் பத்திரிகையின் முதல் வார்த்தை மட்டும் தேய்ந்து தேய்ந்து ஊர்ப் பெயராக நின்றுவிட்டது.

அடுத்த விருந்தாளிகள் 1164இல் வந்தார்கள், எலும்புகளாக. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் எலும்புகள் என்று மிலான் நகரத்தில் வைத்திருந்தார்கள். பார்பரோசா சக்கரவர்த்தி மிலானை நொறுக்கியபோது, அவருடைய மந்திரியும் கொலோன் பேராயருமான ரைனால்ட், அவற்றை மூட்டை கட்டி ஊருக்கு எடுத்துவந்துவிட்டார். மிலான்காரர்களுக்குப் பதில் கிடைக்க எழுநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அப்போதும் ஒரு படி அரிசி கைமாற்று வாங்கிய வீட்டார் ஒரு கிண்ணம் திருப்பித் தருவதுபோல, சில துண்டுகள் மட்டும்தான் போயின.

ராஜாக்கள் வந்ததும் யாத்ரிகர்கள் குவிந்தார்கள், காணிக்கை குவிந்தது. எலும்புக்கு ஒரு தங்கப் பேழை செய்தார்கள். பேழைக்கு ஒரு வீடு வேண்டாமா? 1248இல் பேராலயத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். 1322இல் ஒரு பகுதி முடிந்தது. பதினாறாம் நூற்றாண்டில் பணமும் ஆர்வமும் தீர்ந்து வேலை நின்றது. பாதிக் கோபுரத்தின் உச்சியில் மரத்தாலான பாரந்தூக்கி ஒன்று, கொத்தனார் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார் என்பதுபோல, தலைமுறை தலைமுறையாக அப்படியே நின்றது. கொத்தனார் 1842இல் திரும்பிவந்தார். 1880இல் வேலை முடிந்தது. மொத்தம் 632 வருஷம். 157 மீட்டர் உயரத்தோடு உலகத்திலேயே உயரமான கட்டடம் என்ற பட்டமும் கிடைத்தது. நாலே வருஷத்தில் வாஷிங்டனில் ஒரு தூணை நட்டு அமெரிக்காக்காரன் அதைத் தட்டிக்கொண்டு போனான்.

இன்னொரு விருந்தாளி புனித உர்சுலா. தோழிகளோடு வந்தவளை ஹூணர்கள் கொன்றார்கள் என்பது ஐதீகம். தோழிகள் பதினோரு பேர்தானாம். எழுத்தில் 'தியாகிகள்' என்பதற்கு இருந்த குறியை யாரோ 'ஆயிரம்' என்று படிக்க, பதினோராயிரம் ஆகிவிட்டார்கள் என்கிறார்கள். 1106இல் மதில் கட்டத் தோண்டியபோது ரோமானியர் காலத்து இடுகாடு ஒன்று அகப்பட்டது. கணக்கு சரியாகிவிட்டது! ஆண்கள், குழந்தைகள் எலும்பும் கிடந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1794இல் பிரெஞ்சுப் படை வந்தது. பேராலயத்தில் வைக்கோல் போர் அடுக்கியது. அந்தச் சமயத்தில் தெருவெங்கும் வீடுகளுக்கு எண் போட்டார்கள். வாசனைத் தண்ணீர் விற்ற ஒரு வீட்டுக்கு விழுந்த எண் 4711. பிற்பாடு அதுவே உலகப் பிராண்ட். ஆனால் அந்தத் தண்ணீரை முதலில் காய்ச்சியவரும் ஒரு வந்தேறிதான்: இத்தாலிக்காரர் ஃபரினா. ஊர் நாற்றத்தை வைத்துக் கவிஞர் கோலரிட்ஜ் கவிதையே எழுதியிருக்கிறார்; அந்த ஊர்ப் பெயரை வாசனைக்கு வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். காய்ச்சல் வந்தால் நம் வீடுகளில் கைக்குட்டையை நனைத்து நெற்றியில் போட்டார்களே யூடிகொலோன், அது இதுதான்.

இன்றும் அங்கே மதுக்கடையில் உட்கார்ந்தால் நீல ஏப்ரன் கட்டிய பரிசாரகர் 200 மில்லி குவளை ஒன்றை வைத்து, கீழே இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். காலியானால் கேட்காமலே அடுத்தது, அடுத்த கோடு. 'போதும்' என்பதை வாயால் சொல்ல வேண்டாம். அட்டையை எடுத்துக் குவளைமேல் மூடினால் போதும். நாம் இலையை மூடுகிற மாதிரிதான்.

ஒரு தடவை ஊரே முந்திக்கொண்டு அட்டையைக் கையில் எடுத்தது. தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தபோது வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டவர்களுக்கு ஜெர்மனி வைத்த பெயர் 'விருந்தாளித் தொழிலாளி'. வேலை முடிந்ததும் போய்விடுவார்கள் என்ற நம்பிக்கை. ராஜாக்கள் வந்து சரியாக 800 வருஷம் கழித்து, 1964 செப்டம்பர் 10 அன்று, கொலோனின் டாய்ட்ஸ் ரயில் நிலையத்தில் பத்து லட்சமாவது விருந்தாளி இறங்கினார். அர்மாண்டோ ரோட்ரிகஸ் என்ற போர்த்துக்கீசியத் தச்சர். ஒலிபெருக்கியில் பெயரைக் கேட்டதும், திருப்பி அனுப்பத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வெலவெலத்துப் போனாராம். கையில் பூச்செண்டு கொடுத்து, ஒரு மொபெட்டில் உட்காரவைத்துப் படம் பிடித்தார்கள்.

அவரைப் போல வந்தவர்களில் லட்சக்கணக்கானவர்கள் ஊர் வழக்கப்படி தங்கிவிட்டார்கள். அவரோ பழமொழியை மதித்து ஊர் திரும்பினார். நோய்வாய்ப்பட்டு 1979இல் இறந்துபோனார். மொபெட் இப்போது பக்கத்து ஊரான பான் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்கக் கூட்டம் வருகிறது.

எலும்போ மொபெட்டோ, ஆளை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்துவைத்துக்கொள்வதில் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கைராசி அதிகம்.