குழி விற்பனைக்கு: புரமோட்டர்களுக்கு ஒரு கையேடு

பல்லாவரம், திரிசூலம், பம்மல், சிக்கராயபுரம் என்று சென்னையின் ஓரமாக ஒரு சுற்று வந்தால், இங்கிருந்த மலைகள் எங்கே போயின என்ற கேள்வி எழும். நகரத்துக்குள்தான் போயின. ஜல்லியாகிக் கான்கிரீட்டில் கலந்து, நாம் குடியிருக்கும் மாடிகளாக நிற்கின்றன. மிச்சமிருப்பவை செங்குத்தான பாறைச் சுவர்களும் நடுவே மழைநீர் தேங்கிய கல்குட்டைகளும். மலையை விற்றவர் சம்பாதித்து முடித்துவிட்டார். குழியை விற்கும் பொறுப்பு உங்களுடையது. கைவிடப்பட்ட குவாரியைச் சீரமைத்து மனைப்பிரிவாக்க நினைப்பவர்கள் கீழ்க்கண்ட படிகளை வரிசை மாறாமல் பின்பற்றவும்.

முதல் படி: குழி யாருடையது என்று பாருங்கள்

பட்டா நிலத்தில் தோண்டியதா, கல்லாங்குத்துப் புறம்போக்கைக் குத்தகைக்கு எடுத்துத் தோண்டியதா என்று கிராமக் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டா என்றால் பள்ளம் உட்பட எல்லாம் உங்களுடையது. புறம்போக்கு என்றாலும் மனம் தளர வேண்டாம். நீங்கள் விற்கப்போவது கரையைத்தான். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பட்டா தேவையில்லை. 'லேக் வியூ' என்று போட்டு, சதுர அடி விலையைத் தாராளமாக ஏற்றுங்கள்.

வேலை முடிந்ததும் குழியை என்ன செய்வோம் என்று குவாரிக்காரர் ஒரு மூடல் திட்டம் எழுதிக் கொடுத்திருந்தால், அதைத் தேடி எடுங்கள். வேலி, மரம், சரிவு, பாதுகாப்பு எல்லாம் அதில் இருக்கும். குழிக்கு அவை வந்து சேர்ந்திருக்காது. விளம்பரத்துக்கு வாசகங்களாவது கிடைக்கும்.

இரண்டாம் படி: ஆழத்தை அளக்காதீர்கள்

ஏரியில் இறங்குகிறவனுக்கு முழங்கால், இடுப்பு, கழுத்து என்று தண்ணீர் முன்கூட்டியே சொல்லிவிடும். கல்குட்டையில் அந்த மரியாதை கிடையாது. வெடிவைத்து நேராக வெட்டிய சுவர் என்பதால் முதல் அடியே ஆழம். ஏறிவரப் பிடிமானமும் இருக்காது. கோடை விடுமுறை வந்தால், இப்படிப்பட்ட குட்டையில் குளிக்கப்போன பிள்ளைகள் பிணமாக மீட்கப்பட்ட செய்தியும் வரும். மனை வாங்க வருகிறவர் அதைப் படித்திருக்கக்கூடும். ஆகவே படத்தை டிரோனில் எடுங்கள். மேலிருந்து பார்த்தால் நீலம் தெரியும், ஆழம் தெரியாது.

சுவரைப் பெஞ்ச் பெஞ்சாக வெட்டிச் சரிவாக்கலாம் என்று சுரங்கப் பொறியாளர் யாராவது யோசனை சொல்வார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மீட்டர் உயரச் சுவரை மேலிருந்து வெட்டி 45 டிகிரிச் சரிவாக்க, விளிம்பிலிருந்து 20 மீட்டர் உள்ளே போக வேண்டும். 100 மீட்டர் நீளக் கரையில் 2,000 சதுர மீட்டர் காலி. ஏறக்குறைய ஒன்பது கிரவுண்ட், அத்தனையும் லேக் வியூ! பொறியாளருக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, 'ஆபத்து, குளிக்காதீர்' என்று ஒரு பலகை நடுங்கள். எழுத்து குட்டையைப் பார்த்து இருக்கட்டும். மனை பார்க்க வருகிறவர்கள் கண்ணில் பட்டால் முன்பதிவு குறையும்.

மூன்றாம் படி: நிரப்புவதானால் சத்தமில்லாமல் நிரப்புங்கள்

லேக் வியூ விலைபோகாத பகுதி என்றால், குட்டையையே மூடி மனையாக்கலாம். ஒரு ஏக்கர் பரப்பு, 20 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 81,000 கன மீட்டர். மூன்று யூனிட் டிப்பரில் 9,500 நடை. இவ்வளவு மண்ணை விலைகொடுத்து வாங்குகிறவர் தொழில் தெரியாதவர். நகரத்தில் தினமும் வீடுகள் இடிபடுகின்றன. இடிபாட்டைக் கொட்ட இடம் தேடி அலைகிறவர்கள் உங்களுக்குக் காசு கொடுப்பார்கள். குப்பை லாரிக்காரர் இன்னும் கூடுதலாகக் கொடுப்பார். குப்பையில் ஊறிவரும் கறுப்புத் தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியே அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்குப் போகும்தான். ஆனால் அந்தக் கிணறுகள் உங்கள் மனைப்பிரிவின் எல்லைக்குள் இல்லையே.

ஒரு சாண் கனத்துக்கு மண் பரப்பி, நனைத்து, ரோலர் ஓட்டி, மறுபடி பரப்பி என்று அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும் என்பது பாடப்புத்தகம் சொல்லும் முறை. உதிரியாகக் கொட்டிய மண் தன் பாரத்திலேயே ஆண்டுக்கணக்கில் அமுங்கும். நன்றாக நனைந்தால் திடீரென்றும் இறங்கும். பாதி வீடு பாறைமேலும் பாதி வீடு நிரவல்மேலும் நின்றால் சுவர் நடுவில் விரிசல் விடும். அதற்குள் கிரயம் முடிந்திருக்கும். வாஸ்து சரியில்லை என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

நான்காம் படி: பசுமை

மேல்மண் எங்கே என்று யாரும் கேட்டால் பேச்சை மாற்றுங்கள். முறைப்படி, முதல் வெடி வைக்கும் முன்பே அதை வழித்து ஒரு ஓரமாகக் குவித்து வைத்திருக்க வேண்டும். அது எந்த ரோட்டுக்கு அடியிலோ கிடக்கிறது. மேல்மண் இல்லாத பாறையில் மரம் வளர்ப்பது எப்படி என்பதற்கு கென்யாவின் மொம்பாசாவில் ஒரு முன்மாதிரி உண்டு. அங்கே பம்புரி சிமென்ட் ஆலை தோண்டிய சுண்ணாம்புக்கல் குவாரியில் 1971இல் ரெனே ஹாலர் என்பவர் 26 வகை மரங்களை நட்டார். பிழைத்தவை மூன்று. அவற்றில் ஒன்று நம்மூர்க் கடற்கரையில் நிற்கும் சவுக்கு. அதன் சருகு மக்க மறுத்தது. அதைத் தின்று எருவாக்க மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார். மண் உருவானது, மற்ற மரங்கள் வந்தன, பறவையும் விலங்கும் வந்தன. இன்று அது ஹாலர் பூங்கா.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் மரவட்டை வேலையை முடிக்கும்வரை உங்கள் ஃபைனான்ஸியர் காத்திருப்பாரா? சுரங்கம் முடிந்த நிலத்தில் தீவனமும் செடிகொடியும் வளரும்படி குத்தகைதாரர் மறுபடி புல் வளர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்னது. புல்தானே? நர்சரியில் கொரியன் புல் பாய் பாயாகக் கிடைக்கும். மாடு பக்கத்தில் வராமல் ஒரு வாட்ச்மேனைப் போடுங்கள்.

ஐந்தாம் படி: வெளிநாட்டுப் படங்கள்

கனடாவின் புட்சார்ட் தோட்டமும் ஷாங்காயின் குவாரி ஹோட்டலும் உங்கள் விளம்பரக் கையேட்டின் அட்டையை அலங்கரிக்கட்டும். ஜென்னி புட்சார்ட் என்ற அம்மையார் கணவரின் சிமென்ட் ஆலை தோண்டிப்போட்ட பள்ளத்துக்குக் குதிரை வண்டியில் மண் கொண்டுவந்து கொட்டி, 1921இல் தோட்டத்தை முடித்தார் என்றோ, ஷாங்காய் ஹோட்டல் 2018இல் திறப்பதற்குள் பத்தாண்டுக்கு மேல் இழுத்தது என்றோ கீழே எழுத வேண்டாம். 'மாதிரிப் படம்' என்று பொடி எழுத்தில் போட்டால் போதும்.

ஆறாம் படி: தானம்

மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மனையாகவே முடியாத மூலை எது என்று சர்வேயரிடம் கேளுங்கள். அதைத்தான் பூங்காவாக வரைய வேண்டும். வரைபடத்தில் செங்குத்துச் சுவரும் சமதரையும் ஒரே பச்சைதான். பிறகு விற்பனையைத் தொடங்குங்கள்: ஞாயிற்றுக்கிழமை இலவச வேன், வடை பாயசத்தோடு சாப்பாடு, சீரியல் நடிகர் ஒருவர்.

புரமோட்டர்களின் சந்தேகங்கள்

பக்கத்துக் குவாரியில் இன்னும் வெடி வைக்கிறார்கள். என்ன சொல்வது?
கோயில் திருவிழா என்று சொல்லுங்கள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது என்பது மாநில விதி. அந்தக் குவாரியும் உங்களுடையதே என்றால், குடியேற்றத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

தோண்டும்போது பழைய பொருள் ஏதாவது கிடைத்தால்?
மூடிவிடுங்கள். 1863இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் சரளைக் குழியிலிருந்து ஒரு கற்கோடாரியை எடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வே அதிலிருந்துதான் தொடங்கியது. இன்னொன்று கிடைத்துவிட்டால் பத்திரப்பதிவு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

குட்டையை அப்படியே விட்டு, வேலி போட்டு, கரையைச் சரித்து, நீர்நிலையாக வைத்துக்கொண்டால் என்ன?
இப்படிக் கேட்பவர் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. 2017 வறட்சியிலும் 2019 வறட்சியிலும் சென்னைக் குடிநீர் வாரியம் சிக்கராயபுரம் கல்குட்டைகளில் மோட்டாரை இறக்கி, நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி லிட்டர் தண்ணீரைச் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தது உண்மைதான். மூன்றாம் படியில் மூடச் சொன்னோமே, அந்த ஒரு ஏக்கர் குட்டை நிரம்பினால் 8 கோடி லிட்டர் பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் தண்ணீர் உள்ள ஊரில் தண்ணீர் விற்க முடியாதே. குட்டையை மூடுங்கள், மனைகளை விற்றுத் தீருங்கள், வீடுகள் எழும்பட்டும். அடுத்த வறட்சியில் அத்தனை பேரும் குடத்தோடு வாசலில் நிற்கும்போது, வருகிற லாரி உங்களுடையதாக இருக்கட்டும்.