1972-க்கு முன்பே வந்திருக்கலாமே!

விசா முடிந்த பிறகும் அமெரிக்காவில் குடும்பத்தோடு தங்கிவிட்டீர்களா? பயப்படாதீர்கள். "முறைப்படி வரிசையில் வாருங்கள்" என்று வாஷிங்டனில் மைக்கைப் பிடிக்கிற பெரியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். வரிசை எங்கே நிற்கிறது என்று கேட்டால்தான் அவர்களுக்குக் கோபம் வரும். அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம், நானே காட்டித் தருகிறேன்.

முதலில், செய்த பாவம் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். ஹெச்-1பி விசாவில் பார்த்த வேலை போனதா? அதிகபட்சம் 60 நாள் அவகாசம். வீட்டு வாடகை ஒப்பந்தம், கார் கடன், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அதற்குள் முடித்துக்கொண்டு மூட்டை கட்ட வேண்டும். வேலை போகாவிட்டாலும் மாட்டலாம். உங்கள் மனைவியின் பாஸ்போர்ட் ஆகஸ்டில் முடிகிறது என்று பார்த்த விமான நிலைய அதிகாரி, எந்தத் தேதிவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவிலும் அதே ஆகஸ்ட் தேதியைப் போட்டிருப்பார். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். விசா ஸ்டாம்பில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கும். ஐ-94 காலாவதியாகி, உங்கள் மனைவி மட்டும் சத்தமில்லாமல் 'அவுட் ஆஃப் ஸ்டேட்டஸ்', அதாவது சட்டப்படி தங்கும் உரிமை இழந்தவர், ஆகியிருப்பார்.

இனி பரிகாரங்கள்.

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரைக் கல்யாணம் செய்துகொண்டால், முறையாக விசாவில் வந்து தங்கிவிட்டவருக்கு அந்தத் தாமதம் மன்னிக்கப்படும். ஏற்கெனவே கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களா? அவசரப்பட்டுவிட்டீர்கள்.

பிள்ளை அங்கேயே பிறந்து குடியுரிமை பெற்றிருந்தால், அது உங்களுக்காக மனுப் போடலாம். 21 வயது நிரம்ப வேண்டும், அவ்வளவுதான். இப்போது தொட்டிலில் கிடக்கிறதா? தாலாட்டிக்கொண்டே காத்திருங்கள். இடையில் யாராவது கதவைத் தட்டினால் தாலாட்டை நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதற்கு வம்பு, ஊருக்குப் போய்விட்டு முறையாகத் திரும்பி வருகிறேன் என்கிறீர்களா? நல்ல மனசு. அந்த மனசுக்கென்றே 1996-இல் கிளின்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டிருக்கிறார். 180 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கிவிட்டுக் கிளம்பினால் 3 ஆண்டு திரும்பி வர முடியாது. ஓராண்டைத் தாண்டியிருந்தால் 10 ஆண்டு. தடை விழுவதே கிளம்பிப் போகும்போதுதான். விதிவிலக்குக் கேட்கலாம், ஆனால் உங்கள் கணவனோ மனைவியோ, அப்பாவோ அம்மாவோ, அங்கே குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவராக இருந்து, 'கடும் துன்பம்' அனுபவிக்க வேண்டும். பிள்ளையின் துன்பம் நேரடியாகக் கணக்கில் வராது. குடியுரிமை உள்ள ஐந்து வயது மகள் அழுதால், அது வெறும் அழுகை. அவள் அழுவதைப் பார்த்து, குடியுரிமை உள்ள உங்கள் மனைவியும் அழுதால், அந்த இரண்டாவது அழுகையை மனுவில் சேர்க்கலாம்.

பிள்ளையின் கண்ணீருக்கு மதிப்புள்ள இன்னொரு வழியும் உண்டு. அதைக் கேட்க முதலில் உங்கள்மீது நாடுகடத்தல் வழக்கு இருக்க வேண்டும். 10 ஆண்டு தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், அதோடு குடும்பத்துக்கு வரும் துன்பம் 'மிக மிக அசாதாரணமாக' இருக்க வேண்டும். 14 வயதில் மெக்சிகோவிலிருந்து வந்து, 20 ஆண்டு வாழ்ந்து, அங்கே பிறந்த மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவரின் மனுவை 2001-இல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தள்ளுபடி செய்தது. அந்தத் துன்பம் சாதாரணத் துன்பமாம். பிள்ளைகள் ஆரோக்கியமாக இருந்தது அவர்களுடைய தப்பு. அசாதாரணமாகவே துன்பப்பட்டாலும், நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 4,000 பேருக்கு மேல் இந்த நிவாரணம் கிடையாது. 4,001-ஆவது குடும்பம் தன் துன்பத்தை அடுத்த ஆண்டுவரை வாடாமல் வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சுலபமான வழியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். 'ரெஜிஸ்ட்ரி' என்று பெயர். நெடுங்காலம் அங்கே வாழ்ந்துவிட்டவர், எப்படி வந்திருந்தாலும், நன்னடத்தை இருந்தால் கிரீன் கார்டு கேட்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: 1972 ஜனவரி 1-க்கு முன்பே வந்திருக்க வேண்டும். பிறந்திருக்கவில்லையா? அதற்குச் சட்டம் என்ன செய்யும்?

இங்கேதான் எனக்குச் சிரிப்பு நின்றுபோகிறது. 1929-இல் இந்த ஏற்பாடு தொடங்கியபோது, 1921 ஜூன் 3-க்கு முன்பு வந்திருந்தால் போதும் என்றார்கள். எட்டு ஆண்டு வாழ்க்கை அன்று போதுமானதாக இருந்தது. பிறகு தேதியை முன்னே நகர்த்திக்கொண்டே வந்தார்கள். 1986-இல் ரீகன் கையெழுத்தோடு அது 1972-க்கு வந்து நின்றது. அப்புறம் ஒரு நாள்கூட நகரவில்லை. எட்டு ஆண்டு என்பது அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. விசா முடிந்து தங்குவது அங்கே கிரிமினல் குற்றம்கூட இல்லை, சிவில் மீறல்தான். கொலைக்கு ஆயுள் தண்டனை பெற்றவனுக்கே பரோல் பேசுகிற காலத்துக்குள், தேதி தவறியவனுக்கு மன்னிப்புப் பேச இவர்களுக்கு நேரம் வாய்க்கவில்லை.

கையெழுத்துப் போட இவர்களுக்குக் கை வலிக்கிறது போலும் என்று இரக்கப்படவும் முடியாது. 2025 செப்டம்பரில் டிரம்ப் ஒரே கையெழுத்தில் 'கோல்டு கார்டு' கொண்டுவந்தார். அமெரிக்க அரசுக்குப் பத்து லட்சம் டாலர் 'அன்பளிப்பு' கொடுப்பவருக்கு நிரந்தரமாகக் குடியேற வழி. அந்த ஆணைக்கு நாடாளுமன்றம் கூட வேண்டியிருக்கவில்லை. யாருடைய அழுகை அசாதாரணம் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

ஆகவே வரிசை இல்லை என்று யாரும் அவதூறு பேசாதீர்கள். வரிசை இருக்கிறது, நகரவும் செய்கிறது. பாத்திரம் கழுவியும் கோட் எழுதியும் அந்த நாட்டுக்கு வரி கட்டிய குடும்பங்களை அதில் நிற்கவிடவில்லை, அவ்வளவுதான். சட்டத்தில் ஒரு தேதியை அடித்து இன்னொரு தேதி எழுத முடியாதவர்கள், இனி சட்டத்தை மதிக்கும்படி பிறருக்குப் பாடம் எடுக்காமலாவது இருக்கட்டும்.