‘இன்னும் ஓடும்’ அண்ணன்

தெருவுக்கு ஒருவராவது இருப்பார். வண்டியின் பின் டயர் பட்டன் தேய்ந்து, எண்ணெய் தடவிய பரோட்டா மாவு உருண்டை போல மின்னும். “அண்ணே, டயர் மொட்டையாயிடுச்சே” என்றால், செருப்புக் காலால் ஒரு தட்டு, கட்டைவிரலால் ஓர் அழுத்து. “காத்து கல்லு மாதிரி நிக்குது. இன்னும் ஓடும்.” ஊர் இவரைக் கஞ்சன் என்கிறது. அது அபாண்டம். இதே வண்டிக்குப் பளபளவென்று சீட் கவர் போட்டவர், டேங்கில் மகன் பெயரை ஸ்டிக்கராக ஒட்டியவர், ஒரே டியூபில் ஏழெட்டு ஒட்டுப் போட்டுப் பஞ்சர் கடைக்காரரின் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர். கஞ்சன் பண முடிச்சை இவ்வளவு அவிழ்க்க மாட்டான். டயர் என்றால் காற்றை அடைக்கும் பை என்று அண்ணன் முடிவு கட்டியிருக்கிறார், கோளாறு அங்கேதான். பை கிழியவில்லையே, பிறகு எதற்கு மாற்றுவது? நூல் தெரியும்வரை காத்திருப்பது அந்தக் கணக்கின்படி நியாயம்தான்.

ஆனால் டயரின் முதல் வேலை ரோட்டைப் பிடிப்பது. அந்த வேலையை ராஜினாமா செய்த பிறகும் அது பல மாதம் உருண்டுகொண்டிருக்கும். அண்ணன் ஏமாறுவது இதில்தான். பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளங்கள் மழைத் தண்ணீரை ஒதுக்கி, ரப்பர் தார் மேல் உட்கார வழிவிடுபவை. இருசக்கர வண்டிக்கு அந்த ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. அண்ணன் பர்ஸில் இருக்கும் ஏடிஎம் கார்டின் கனம் ஏறக்குறைய அவ்வளவுதான். அளக்கக் கருவிகூட வேண்டாம். டயரின் பக்கவாட்டில் ‘டிடபிள்யூஐ’ என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு குட்டி மேடு. தேய்ந்து தேய்ந்து பட்டனும் மேடும் சமமாகிவிட்டால் ஆயுள் முடிந்தது. ஜாதகத்தைக் கம்பெனியே எழுதித்தான் அனுப்புகிறது.

“ரேஸ் பைக் டயர்ல பட்டனே கிடையாது, முந்நூறுல போறான்!” என்பது அண்ணனின் பிரம்மாஸ்திரம். உண்மைதான், காய்ந்த தளத்தில் பட்டன் இல்லாத ரப்பர் நன்றாகவே பிடிக்கும். ஆனால் அது மெத்தென்ற ரப்பர், மின்சாரப் போர்வை சுற்றிச் சூடேற்றிக் களத்தில் இறக்குவது. மழை வந்தால் அவர்களே பள்ளம் வைத்த டயருக்கு மாறிவிடுகிறார்கள். ரேஸ் டயர் பிறவி மொட்டை. அண்ணனுடையது முடி கொட்டிய மொட்டை. “நான் என்ன பறக்கிறேனா? நாப்பதைத் தாண்ட மாட்டேன்” என்ற அடுத்த வாதத்தில் பாதி நியாயம் உண்டு. ஒடுங்கி உருண்ட பைக் டயர் தண்ணீர் மேல் மிதக்க நல்ல வேகம் வேண்டும். ஆனால் கோடை முடிந்து விழும் முதல் தூறலில், ரோட்டில் படிந்த எண்ணெயும் புழுதியும் குழைந்து களிம்பாகிக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு நாய் குறுக்கே வந்தால், விழுவதற்கு நாற்பது தாராளம். தவிர, மெலிந்த ரப்பரில் ஆணி சுலபமாக இறங்கும். அந்த ஏழெட்டு ஒட்டுக்கும் ஆணியை மட்டும் குறை சொல்ல முடியாது.

இவருக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் உண்டு. வண்டியை உறை போட்டு மூடி, மாதம் ஒருமுறை கோயிலுக்கு எடுப்பவர். “பட்டன் புதுசு மாதிரி இருக்கே” என்பார். ஆனால் ரப்பர் நின்றபடியே கிழடாகும். இறுகும், பக்கவாட்டில் பொடி வெடிப்பு விடும். எல்லார் வண்டியிலும் முன் டயரின் கதி இதுதான். இழுவையும் சுமையும் தாங்கும் பின் டயர் சீக்கிரம் தேய்வதால் இரண்டு முறை மாறியிருக்கும். முன்னது வண்டியோடு வந்த சீதனமாகவே இருக்கும். இத்தனைக்கும் பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்வதால், நிறுத்துகிற பாரம் பெரும்பாலும் அதன் தலையில்தான். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் அதன் வயதைச் சொல்லும்: 3219 என்றால் 2019-இன் 32-ஆவது வாரம் பிறந்தது. ஐந்து வயது தாண்டினால் வருடாவருடம் கடையில் காட்ட வேண்டும். பத்து ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும்.

அண்ணனும் டயரருகே குனிகிற நாள் ஒன்று இருக்கிறது. ஆயுத பூஜையன்று எலுமிச்சம்பழம் வைக்க. அண்ணே, பழத்தை வைத்த கையோடு அந்த நாலு நம்பரையும் படித்துவிட்டு எழுந்திருங்கள்.