பால் மரத்துக்கு நடு எது?

கேள்வி: பால் மரக் (ரப்பர் மரக்) கட்டையை லேத்தில் கடைய நடுப்புள்ளி காண்பது எப்படி? (தங்கா பத்து வாசகர்)

பதில்: சதுரக் கட்டை எளிது: எதிரெதிர் மூலைகளைக் கோடிட்டு இணைத்தால், கோடுகள் வெட்டும் இடமே நடு. உருண்டைக் கட்டைக்கு மூலையே கிடையாது. மூலைமட்டம் ஒன்றைக் கடன் கொடுக்கும். மட்டத்தின் மூலையை விளிம்பில் வைத்து, இரு கரங்களும் விளிம்பைக் கடக்கும் இடங்களை இணைத்தால் அது விட்டம். சற்றுத் திருப்பி இன்னொன்று வரைந்தால் இரண்டும் சந்திப்பது நடு. மறுமுனைக்கும் இதேதான்.

மரத்தின் நடுச்சோற்றை மட்டும் நம்பக் கூடாது. சாய்ந்து வளர்ந்த மரத்தில் அது ஓரமாக ஒதுங்கியிருக்கும். கோணல் கட்டையில் அடங்கும் மிகப் பெரிய வட்டத்தைக் கவராயத்தால் தேடி, அதன் மையத்தில் குழியிட வேண்டும். பால் மரம் கடைவதற்காக நடப்பட்டதல்ல: மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் தோட்ட முதலாளி டான் சே யான் ரப்பர் நட்டது பாலுக்காக. பால் குறைந்து, 25, 30 ஆண்டில் வெட்டப்படும் மரம் இன்று மேசைக்காலாகவும் உழைக்கிறது.