மூலக்காரர்

ஒரு நாவலைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கும்போது சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்பவர்கள் நூறு பேர் இருக்கலாம். சம்பளமே இல்லாமல், யாரும் கூப்பிடாமல், அத்தனை பேரையும்விடச் சிரத்தையாக வேலை செய்பவர் ஒருவர் உண்டு. அவர்தான் மூலக்காரர். மூலநூலைப் படித்தவர், அதை மறக்காதவர், பிறரையும் மறக்க விடாதவர். தொடர் தொடங்க அரை மணி இருக்கும்போதே சோபாவின் நடுவில் இடம் பிடித்துவிடுவார். மடியில் புத்தகம் இருக்கும். அதற்குள் அடையாளத்துக்கு ஒரு பழைய பஸ் டிக்கெட். திரையில் முதல் ஆள் வாயைத் திறப்பதற்கு முன்பே, “நாவல்ல இப்படி ஆரம்பிக்காது” என்று இவர் திறந்திருப்பார். “சித்தப்பா, கொஞ்சம் பாக்க விடுங்களேன்” என்று அண்ணன் மகள் கெஞ்சினால், “நீ பாரும்மா, நான் எதுவும் சொல்லல” என்பார். பிறகு அடுத்த ஒரு மணி நேரமும் அந்த எதுவுமில்லாததை விளக்கிக்கொண்டிருப்பார். மூலம் உள்ளவர்களால் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார முடியாது. இந்த மூலத்துக்கும் அதே லட்சணம்தான்.

2022இல் ‘பொன்னியின் செல்வன்’ திரைக்கு வந்தபோது இந்த இனம் தமிழ்நாட்டில் தெருவுக்கு நாலு பேராகப் பெருகியது. ஆனால் ஐந்து பாகம் இரண்டு படமாகச் சுருங்கியதற்கு அவர்கள் பட்ட வேதனை சாதாரண வேதனைதான். மூலக்காரருக்கு வருகிற உச்சகட்ட உபத்திரவத்தைப் பார்க்க வேண்டுமானால் நகைச்சுவைத் துப்பறியும் நாவல் ஒன்றைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும். துப்பறியும் கதையில் ஒரு முடிச்சை உருவினால் மொத்தமும் கழன்று வரும். நகைச்சுவைக் கதையில் ஒரு வாக்கியத்தை மாற்றினால் சிரிப்பு போய்விடும். இரண்டும் சேர்ந்த புத்தகத்தில் கை வைக்கவும் முடியாது, வைக்காமல் படம் எடுக்கவும் முடியாது. ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் 1987இல் வெளியிட்ட டர்க் ஜென்ட்லி நாவல் அப்படிப்பட்டது. ‘உலகத்தில் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையவை, ஆகவே எந்தத் தடயத்தைப் பிடித்துப் போனாலும் சரிதான்’ என்பது அதில் வரும் துப்பறிவாளர் டர்க்கின் தொழில் கொள்கை. ஒரு கிழவியின் பூனையைத் தேடுகிற வேலைக்குப் பஹாமாஸ் தீவுக்குப் போய் வந்த செலவையும் பில்லில் சேர்ப்பார். எல்லாம் தொடர்புடையவை என்றால் பூனைக்கும் பஹாமாஸ் கடற்கரைக்கும் மட்டும் தொடர்பு இல்லாமல் போகுமா?

இந்த நாவல் இரண்டு முறை தொலைக்காட்சிக்கு வந்தது. 2010இல் பிபிசி ஃபோர் ஒரு மணி நேர முன்னோட்டமாக ஒளிபரப்பியது. அதில் ஸ்டீபன் மேங்கன் டர்க்காக நடித்தார். 2012இல் மேலும் மூன்று பகுதிகள் வந்தன, அதோடு சரி. 2016இலும் 2017இலும் பிபிசி அமெரிக்கா இரண்டு பருவங்கள் எடுத்தது. சாமுவேல் பார்னெட் டர்க், எலைஜா வுட் அவருக்கு வாய்த்த நண்பர். மூலக்காரர் இரண்டையும் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே பட்டியலை வாசித்தார். மாடிப்படியில் சிக்கிக்கொண்ட சோபா எங்கே? மின்சாரத் துறவி எங்கே? குளியலறையில் நின்ற குதிரை எங்கே? கவிஞர் கோல்ரிட்ஜ் எங்கே? ஆவி எங்கே? காணாமல் போன மாட்டுக்குக் கொம்பு, வால், நெற்றிச் சுட்டி என்று அடையாளம் சொல்வதுபோல வரிசை தவறாமல் சொல்வார். பட்டியலில் ஒரு பிழையும் இருக்காது. ஆனால் அது தப்பான பட்டியல் என்பதுதான் என் வாதம்.

மின்சாரத் துறவியையே எடுத்துக்கொள்வோம். பாத்திரம் கழுவும் இயந்திரம் நமக்காகப் பாத்திரம் கழுவுகிறது. வீடியோ ரெக்கார்டர் நமக்கு நேரமில்லாத நிகழ்ச்சிகளை நமக்காகப் பார்த்து வைக்கிறது. அதுபோல, நம்ப வேண்டிய சங்கதிகளை நமக்காக நம்பித் தொலைக்க ஒரு இயந்திரம் வாங்கிக்கொண்டால் என்ன என்று ஆடம்ஸ் கேட்டார். இந்தச் சிரிப்பு முழுக்கச் சொல்கிற தோரணையில் இருக்கிறது. அதைப் படம் பிடித்தால் என்ன தெரியும்? அங்கி போட்ட ஒருவர் குதிரைமேல் உட்கார்ந்திருப்பது தெரியும். சோபாவும் அப்படித்தான். படியில் சிக்கிய சோபாவைப் பார்த்தால் வீடு மாற்றியவர்களுக்கு இடுப்பு வலிதான் ஞாபகம் வரும். நாவலில் அது சிரிப்பாவதற்குக் காரணம் வேறு. அந்தச் சோபா இனி வெளியே வர வழியில்லை என்பதோடு, அது உள்ளே போயிருக்கவும் வழியில்லை என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்கிறது. சாமானைக் காட்டுவது கேமராவுக்குச் சுலபம், இந்த அபத்தத்தைக் காட்டுவது சுலபமில்லை. மூலக்காரர் கேட்பதெல்லாம் சாமான்கள். கேட்டபடியே அத்தனையும் வந்து இறங்கியிருந்தால் அவருக்குக் கிடைத்திருப்பது சிரிப்பு இல்லாத ஒரு தட்டுமுட்டுக் கிடங்கு. (இடையில் ஒன்று: தொடரைப் பார்க்காமலேயே அதைக் குறை சொல்ல ஒரு இயந்திரம் வந்தால் முதல் ஆளாக வாங்கப்போகிறவரும் இவர்தான்.)

“அப்படியானால் பின்னணிக் குரல் வைத்து அந்த வாக்கியங்களைப் படித்துவிடலாமே?” என்பது அவருடைய பதில். லேசில் தள்ளக்கூடிய பதில் இல்லை. ஆடம்ஸின் இன்னொரு கதையான ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு’ 1981இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது அதைத்தான் செய்தார்கள், நன்றாகவே வாய்த்தது. ஆனால் அந்தக் கதையில் வழிகாட்டிப் புத்தகம் என்று ஒன்று இருக்கிறது, பேசுவதே அதன் வேலை. டர்க் கதையில் பேசுவதற்கு அப்படிப் பாத்திரம் எதுவும் இல்லை, ஆசிரியர் மட்டுமே பேசுகிறார். கண்ணுக்குத் தெரியாத ஒருவர் ஒவ்வொரு காட்சியிலும் குறுக்கே வந்து வர்ணித்துக்கொண்டிருந்தால் வீட்டில் இரண்டு மூலக்காரர்கள் ஆகிவிடுவார்கள். ஒருவருக்கே சோபாவில் இடம் போதவில்லை.

நம் கோயில்களில் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்து வைத்துவிட்டார்கள். கருவறையில் கல்லாக நிற்கிற மூலவர் அசைவதில்லை. வீதிக்கு வருவதற்கென்று உற்சவர் தனியாக இருக்கிறார். அவர் பெரும்பாலும் உலோகத்தில் வார்த்தவர், உருவத்தில் சிறியவர். மூலவர் படுத்திருக்கிற ஊரிலும் உற்சவர் நின்ற திருக்கோலத்தில்தான் புறப்படுகிறார். தேர் தெருமுனை திரும்பும்போது, “உள்ளே படுத்திருந்தாரே, இங்கே ஏன் நிற்கிறார்?” என்று யாரும் வடத்தை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருவதில்லை. மூலக்காரர் கேட்பதோ மூலவரையே பெயர்த்துத் தேரில் ஏற்றச் சொல்கிற காரியம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த மூலவரே ஒரு காலத்தில் உற்சவராக இருந்தவர். 1979இல் ஆடம்ஸ் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரில் வேலை பார்த்தார். வேற்றுக்கிரக விண்கலம் ஒன்று வெடித்ததால்தான் பூமியில் உயிர் தோன்றியது என்ற கதை அப்போது அவர் கைவண்ணத்தில் ஒளிபரப்பானது. கேம்பிரிட்ஜ் கல்லூரி அறையையே கால இயந்திரமாக வைத்திருக்கும் குரோனோட்டிஸ் என்ற பேராசிரியரை வைத்து ‘ஷாடா’ என்று இன்னொரு கதையும் எழுதினார். பிபிசியில் நடந்த வேலைநிறுத்தத்தால் அது பாதிப் படப்பிடிப்போடு நின்றுபோனது. கிடப்பில் கிடந்த அந்தப் பேராசிரியரையும் வெடித்த விண்கலத்தையும் எட்டு வருடம் கழித்து எடுத்துக் கோர்த்தால், அதுதான் டர்க் நாவல். தொலைக்காட்சியிலிருந்து நாவலுக்கு வந்த கதை மறுபடி தொலைக்காட்சிக்குப் போகும்போது கற்பு கெடுகிறது என்பவர், அது வந்த வழியை விசாரிக்கவில்லை. ‘ஹிட்ச்ஹைக்கர்’ கதையும் 1978இல் வானொலி நாடகமாகப் பிறந்தது, 1979இல் நாவல் ஆனது, 1981இல் தொலைக்காட்சிக்கு வந்தது. மூன்றும் ஒன்றுக்கொன்று முரணானவை, அதைப் பற்றி ஆடம்ஸ் அலட்டிக்கொள்ளவே இல்லை. மூலக்காரர் ஆடம்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், “உங்க நாவல்ல இப்படி இல்லையே சார்” என்று அவரிடமே சொல்லியிருப்பார்.

இங்கே ஒரு எதிர்ப்பு வரும், வர வேண்டியதும்தான். எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் பெயரை மட்டும் ஏன் வைத்துக்கொள்கிறார்கள்? அமெரிக்கத் தொடர் சியாட்டிலில் தொடங்குகிறது. நாவலிலிருந்து வந்தவர் டர்க் ஒருவர்தான். ஒரு பெண்ணின் உயிர் கார்கி நாய்க்குள் இருக்கிறது, ‘மூன்று ரவுடிகள்’ என்ற கும்பலில் நான்கு பேர் இருக்கிறார்கள். நன்றாகவே சிரிக்கவைக்கிறது. ஆனால் பெயரை இரவல் வாங்கியதைத் தவிர ஆடம்ஸோடு என்ன உறவு? இந்தக் கேள்வியில் மூலக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். அதைவிடப் பெரிய நியாயம் ஒன்றும் அவர் பக்கம் இருக்கிறது, அதை அவரே கவனிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நாவலின் டர்க் கல்லூரியில் படித்த நாளில் பரீட்சைக்கு வரக்கூடிய கேள்விகள் என்று ஒரு தாள் தயாரித்து மாணவர்களிடம் விற்றார். நம் ஊர் ‘முக்கிய வினாக்கள்’ சமாசாரம்தான். பழைய வினாத்தாள்களைப் புரட்டி ஒப்பேற்றியது, சுத்த ஏமாற்று வேலை. ஆனால் பரீட்சை அன்று வந்த தாள் கமா மாறாமல் அதுவேயாக இருந்தது. அவருடைய படிப்பு அதோடு முடிந்தது. இந்த ஆள் புளுகரா, அல்லது தான் புளுகுவதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஞானியா? எனக்கு அப்படியெல்லாம் சக்தி கிடையாது என்று அவர் மறுக்க மறுக்க ஊருக்குச் சந்தேகம் வலுக்கிறது. நாவல் முழுக்க இந்தச் சந்தேகத்தின்மேல்தான் நடக்கிறது, அது தெளிந்தால் சிரிப்பும் தெளிந்துவிடும். அமெரிக்கத் தொடர் அதைத் தெளியவைத்துவிட்டது. அங்கே டர்க்குக்கு நிஜமாகவே அபூர்வ சக்தி இருக்கிறது, அவரைப் போன்றவர்களை ஆராய்ச்சி செய்ய உளவுத்துறை தனித் திட்டம் வைத்திருக்கிறது. அழுக்குக் கோட்டு, கனத்த உடம்பு, பில்லில் பஹாமாஸ் என்றிருந்த ஆசாமி, பளபளக்கும் மஞ்சள் ஜாக்கெட்டுக்குள் பரபரக்கும் நல்ல பிள்ளையாகிவிட்டார். பிரிட்டிஷ் தொடரோ ஆவி, துறவி, கோல்ரிட்ஜ் எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு, காணாமல் போன பூனையையும் கட்டணத்தைக் கறக்கப் பார்க்கும் டர்க்கையும் மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டது. கடைசிவரை மேங்கனை நம்பவும் முடிவதில்லை, நம்பாமல் இருக்கவும் முடிவதில்லை. கதையில் முக்கால்வாசியைக் கைவிட்ட அந்தத் தொடர்தான் நாவலுக்கு நெருக்கமானது.

தேவனின் துப்பறியும் சாம்பு இதே தராசின் இன்னொரு தட்டு. சாம்பு அசடு என்பது வாசகருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. தற்செயலாகத் துப்பு துலங்கும், மேதை என்று ஊர் மாலை போடும். விகடனிலிருந்து மேடைக்கும், தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தியிடமும் அவர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார். எந்த வழக்கு, எந்தக் கள்ளன் என்பதெல்லாம் எப்படிப் போனாலும் இந்த ஏற்பாடு குலையவில்லை. சாம்புவை உண்மையிலேயே கெட்டிக்காரர் என்று ஒருவர் படமெடுத்தால், விளாம்பழத் தலையை அச்சு அசலாக ஒட்டவைத்தாலும் அது சாம்பு ஆகாது.

“படிக்காதவர்களுக்குப் பிடித்திருந்தால் போதாதா?” என்று கடைசியாகக் கேட்பவர் அண்ணன் மகள். அவளுக்குப் போதும், அமெரிக்கத் தொடரை அவள் ரசித்ததில் ஒரு குற்றமும் இல்லை. சித்தப்பாவுக்குத்தான் போதாது, போதவும் கூடாது. நாவலில் கார்டன் வே என்று ஒரு கோடீஸ்வரர் சுடப்பட்டுச் செத்து, ஆவியாக அலைந்து, தான் சொல்ல வந்ததை யாராவது கேட்க மாட்டார்களா என்று படாதபாடு படுவார். மூலக்காரரின் பாடும் அதுதான். வித்தியாசம் என்னவென்றால், கார்டன் வேக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. இவரோ அடுத்த பகுதி தொடங்கும்போதும், மேற்படி சோபாவின் நடுவில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டு, “சோபா எங்கே?” என்றுதான் கேட்கிறார்.