பவுச் அக்கா

கண்ணை இமை காப்பதுபோல என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த இமையை யார் காப்பது? எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அதற்கென்றே ஒருத்தி உண்டு. மணப்பெண்ணை அலங்கரிக்கக் காசு கொடுத்துக் கூட்டிவந்த பார்லர்காரம்மா இல்லை; அவருக்கு நம் பக்கம் திரும்பவே நேரமிருக்காது. இவள் சொந்தம். யாருக்கோ நாத்தனார் மகள். வயது 26தான் இருக்கும்; ஆனாலும் வாண்டுகள் வைத்த பட்டம் ஒட்டிக்கொண்டு ஊருக்கே ‘பவுச் அக்கா’. மொய்க் கவரை மறந்துவிட்டு வருவாள், ஜிப் வைத்த அந்தப் பவுச்சை மறக்கமாட்டாள்.

அதற்குள் ஊக்கு, ஒட்டுப்பொட்டு, ஹேர்பின், தலைவலி மாத்திரை எல்லாம் இருக்கும். அவை கேட்டால்தான் வெளியே வரும். கேட்காமலே வருவது ஐலாஷ் கர்லர்.

பாக்குவெட்டிக்கும் இடுக்கிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி ஒரு சாமான். விரல் நுழைக்க இரண்டு வளையம், உச்சியில் பிறைபோல வளைந்த வாய், வாய்க்குள் பல்லுக்குப் பதில் ஒரு ரப்பர்ப் பட்டை. இமைமுடியை அதற்குள் கொடுத்து அழுத்தினால் முடி மேல்நோக்கி வளைந்து கண் பெரிதாகத் தெரியும். 1930-களில் அமெரிக்காவில் ராசெஸ்டர் நகரத்துக்காரர்கள் ‘கர்லாஷ்’ என்று பெயர் போட்டு இதை விற்றார்கள். அன்றைய உருவம்தான் ஏறக்குறைய இன்றைக்கும். இத்தனை வருஷத்தில் ஒருவருக்காவது இதைக் கொஞ்சம் சாந்தமான முகத்தோடு செய்யத் தோன்றியிருக்கலாம்.

போன தையில் ஒரு கல்யாணம். விடிகாலை 5 மணிக்கு மணமகள் அறைக்குள் தலைக்குப் பூ வாங்கப் போன நான் சிக்கிக்கொண்டேன்.

“அத்தை, இப்படி வெளிச்சத்துல உக்காருங்க. முதல் தடவையா? ஒண்ணும் செய்யாது.”

ஒன்றும் செய்யாது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குகிற எதையும் நான் நம்புவதில்லை. பல் டாக்டரும் அப்படித்தான் சொன்னார்.

“கீழ பாருங்க. தலைய குனியாதீங்க, கண்ண மட்டும்.”

இதுதான் முதல் பரீட்சை. கண்ணைத் தாழ்த்தச் சொன்னால் தலை தானாகக் குனிகிறது. நாற்பது வருஷப் பழக்கம். மூன்று தடவை தோற்றபிறகு மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். ஸ்பிரிட் பஞ்சால் ரப்பரைத் துடைத்து, ஈரம் காய ஊதினாள். வாயைத் திறந்தபடி அந்தப் பாக்குவெட்டி என் வலது கண்ணை நோக்கி வந்தது. தும்மல் வந்தால் என்ன செய்வது என்று கேட்க நினைத்தேன். கேட்டால் வந்துவிடுமோ என்று விட்டுவிட்டேன்.

“வேர்ப்பக்கம் வச்சிருக்கேன். தோல் கடிக்குதா? கடிச்சா சொல்லிருங்க.” மெல்ல ஓர் அழுத்து. பத்து எண்ணினாள். விட்டாள். அரை இம்மி நகர்த்தி நடுவில் ஓர் அழுத்து, அப்புறம் நுனியில் லேசாக ஒன்று. “ஒரே இடத்துல அமுக்கினா முடி ‘ட’னா மாதிரி மடங்கிரும். மூணு இடத்துல அமுக்கினாத்தான் வளையும். அமுக்கிக்கிட்டே இழுத்திராதீங்க. நல்லாத் திறந்துட்டுத்தான் எடுக்கணும். ஒரு முடி பிடுங்கிட்டு வந்தா முளைக்க ஒன்றரை மாசத்துக்கு மேல ஆகும்.”

மென்மையாகச் செய்ய வேண்டும் என்பதை இவ்வளவு அதட்டலாகச் சொல்கிற இன்னொருத்தியை நான் பார்த்ததில்லை. ஆசையாக மஸ்காரா போட்டுக்கொண்டு வரிசையில் நின்ற சித்தியை, கோயில் வாசலில் செருப்போடு வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “துடைச்சிட்டு வாங்க சித்தி. கர்லர் முதல்ல, மஸ்காரா பின்னாடி. காஞ்ச மையோட அமுக்கினா முடி ஒட்டிக்கிட்டு ஒடிஞ்சிரும்.” சித்தி துடைக்கப் போனவள் போனவள்தான், பந்தியில்தான் பார்த்தேன். சூடாக இருந்தால் வளைவு நிற்குமாமே என்று குத்துவிளக்கை நோக்கி நகர்ந்த கல்லூரிப் பெண்ணின் கையிலிருந்து கர்லரைப் பிடுங்கினாள். “சூடு வேணும்னா ஹேர் டிரையர் காத்துல ரெண்டு செகண்ட், அப்புறம் கையில வச்சுப் பாக்கணும். கண்ணு என்ன தோசைக்கல்லா?”

கண்ணாடியைப் பார்த்தேன். வலது கண் ஏதோ நல்ல சேதி கேட்டதுபோல விரிந்திருந்தது. இடது கண் இன்னும் எழுந்திருக்கவில்லை. உடனே இடதையும் செய்துவிடச் சொல்லி மோவாயை நானே நிமிர்த்தினேன்.

அங்கேதான் ஆச்சி குறுக்கே வந்தாள். மூலையில் வெற்றிலைச் செல்லத்தோடு இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தவள். “ஏட்டி, பாக்குவெட்டிய கண்ணுல வைக்கியே, கோட்டியா பிடிச்சிருக்கு? இங்க கொண்டா.” வாங்கியவள், யாரும் தடுப்பதற்குள் ஒரு பாக்குத் துண்டை அதன் வாய்க்குள் கொடுத்து ஒரு நெரி நெரித்தாள். ரப்பர் தெறித்து வாளித் தண்ணீரில் விழுந்தது. பாக்கு அப்படியே இருந்தது.

“ஒரு பாக்கு நறுங்கல. இதுக்குப் போயி இத்தனை ஆர்ப்பாட்டம்!”

பவுச் அக்கா கோபப்படவில்லை. “மாத்த வேண்டிய ரப்பர்தான் ஆச்சி” என்றபடி பவுச்சின் உள் ஜிப்பைத் திறந்தாள். டப்பாவோடு வந்த மாற்று ரப்பர் ஒன்று பத்திரமாக இருந்தது. காதுகுத்தும் ஆசாரியின் கவனத்தோடு அதை அவள் பள்ளத்தில் பொருத்திக்கொண்டிருக்கும்போது வெளியே கெட்டிமேளம் கொட்டிவிட்டது. அட்சதையை அள்ளிக்கொண்டு எல்லாரும் ஓடினோம்.

ஆல்பத்தில் அந்தப் படம் பெரிதாக வந்திருக்கிறது. தாலி கட்டுகிற இடத்துக்கு நேர் பின்னால் நான். வலது கண்ணால் வாழ்த்துகிறேன், இடது கண்ணால் தூங்குகிறேன்.

நேற்று போன் வந்தது. ஆவணியில் அடுத்த கல்யாணம். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்து, வைக்கும்போது சொன்னாள்:

“சீக்கிரமே வந்துருங்க அத்தை. உங்க இடது கண்ணு பாக்கி இருக்கு.”