சிங்கப்பூரில் ஒரு வாரக் குடித்தனம்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பனியன் கம்பெனிகள் மூடுகிற நாட்களில் குடும்பத்தோடு வெளிநாடு போக நினைக்கும் திருப்பூர் வட்டார வாசகர்கள், சர்வீஸ் அபார்ட்மென்ட் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

ஹோட்டலுக்கும் சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்கும் என்னங்க வித்தியாசம்? ரெண்டுமே படுக்கத்தானே? (வாசகர், அவிநாசி)

படுக்க மட்டும் என்றால் ஹோட்டலே போதுங்க. துணி துவைக்க, குழந்தைக்குப் பால் காய்ச்ச, பெரியவர்கள் தூங்கும்போது மற்றவர்கள் உட்கார்ந்து பேச இன்னொரு அறையும் வேண்டும் என்றால் அபார்ட்மென்ட். வீட்டின் வசதிகளோடு, அறையைச் சுத்தம் செய்து விரிப்பு மாற்றித் தரும் ஆட்களும் இருப்பார்கள். மாதக்கணக்கில் வெளியூரில் வேலை பார்க்கும் கம்பெனி அதிகாரிகளை நம்பி வளர்ந்த தொழில் இது. சிங்கப்பூரில் 1984-ல் தொடங்கிய ஆஸ்காட் ஆசியாவில் இதற்கு முன்னோடி. அதே குழுமத்தின் சோமர்செட், சிட்டாடின்ஸ் சென்னையிலும் இருக்கின்றன. சென்னைக்கு வேலையாகப் போகும்போது ஓரிரவு தங்கிப் பார்த்தால் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

என் கணக்கு இது: கணவன் மனைவி மட்டும், மூன்று இரவு என்றால் ஹோட்டல். நான்கு பேருக்கு மேல், ஐந்து இரவுக்கு மேல் என்றால் அபார்ட்மென்ட். பல ஹோட்டல்களில் ஓர் அறைக்கு இரண்டு மூன்று பேருக்கு மேல் விடமாட்டார்கள். இரண்டு அறை எடுக்கிற செலவுக்கு இரண்டு படுக்கையறை வீடே கிடைத்துவிடும்.

சிங்கப்பூரில் நான்கு நாளுக்கு ஓர் அடுக்குமாடி வீடு, ஹோட்டலில் பாதி விலைக்கு வருகிறது. எடுக்கலாமா? (வாசகர், பல்லடம்)

வேண்டாம். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். அரசின் வீட்டு வசதிக் கழக வீடு என்றால் குறைந்தது ஆறு மாதம். சுற்றுலாப் பயணிகளுக்கு அதை விடவே கூடாது. 2018-ல் இப்படிச் சில நாள் வாடகைக்கு விட்ட இருவருக்குத் தலா 60,000 சிங்கப்பூர் டாலர் அபராதம் விழுந்தது. அபராதம் வீட்டை விட்டவருக்குத்தான். ஆனால் நடு இரவில் பெட்டி படுக்கையோடு வெளியே நிற்கப்போவது உங்கள் குடும்பம்.

முறையான சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் தங்கலாம். அங்கும் குறைந்தது ஏழு நாள் தங்க வேண்டும் என்பது விதி. நான்கு நாள்தான் என்றால், ஹோட்டல் உரிமமும் வாங்கியிருக்கிற சர்வீஸ் அபார்ட்மென்ட்டைத் தேடுங்கள். அங்கே ஓரிரவும் தங்கலாம். உரிமம் பெற்ற ஹோட்டல்களின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. பணம் கட்டும் முன் பெயரை அதில் தேடிப் பாருங்கள்.

வீடு அவருடையது, காசு நம்முடையது. நடுவில் அரசாங்கம் எதற்கு? (வாசகர், காதர்பேட்டை)

அந்த ஊரில் குடியிருப்பவர்களுக்காக. ஒரு மாத வாடகையை ஒரு வாரத்தில் சுற்றுலாப் பயணி தந்துவிட்டால், வீட்டுக்காரர் உள்ளூர்க் குடும்பத்துக்கு ஏன் விடுவார்? பார்சிலோனாவில் இந்த நெருக்கடி முற்றியதால், 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று நகராட்சி 2024-ல் அறிவித்தது. நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து கடுமையாக அமலாகும் விதிப்படி, 30 நாளுக்குக் குறைவான வாடகைக்கு வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்தாக வேண்டும். இரண்டு விருந்தினருக்கு மேல் கூடாது.

இதன் வலி திருப்பூருக்குப் புரியும். வேலை தேடி வந்த குடும்பம் ஒரு லைன் வீட்டுக்கு அட்வான்ஸும் வாடகையும் புரட்டப் படும் பாட்டைத் தினமும் பார்க்கிற ஊர் இது. நாம் விடுமுறைக்குப் போகிற ஊரில், இன்னொருவர் குடியிருக்க வேண்டிய வீட்டைச் சட்டத்துக்குப் புறம்பாக எடுத்துத் தங்க வேண்டாமே.

மற்ற ஊர்களில் எதைப் பார்த்து எடுப்பது? (வாசகி, உடுமலைப்பேட்டை)

பாரிஸ்: விளம்பரத்திலேயே பதிவு எண் இருக்க வேண்டும். இத்தாலி: 2025 ஜனவரி முதல் தேசிய அடையாளக் குறியீடு கட்டாயம். லண்டன்: உரிமையாளர் தன் வீட்டை வருடத்தில் 90 இரவுகள்வரை குறுகிய கால வாடகைக்கு விடலாம், அதைத் தாண்டத் தனி அனுமதி வேண்டும். தாய்லாந்து: ஹோட்டல் உரிமம் இல்லாத அடுக்குமாடி வீட்டை 30 நாளுக்குக் குறைவாக எடுக்காதீர்கள். துபாய்: 'ஹோட்டல் அபார்ட்மென்ட்' என்றே கேளுங்கள், தனி வீடு என்றால் சுற்றுலாத் துறையின் அனுமதி எண்ணைக் கேளுங்கள். எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிறார் என்றால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

படத்தில் அரண்மனை மாதிரி இருக்குதுங்க. நம்பலாமா? (வாசகர், அனுப்பர்பாளையம்)

பையர் படத்தைப் பார்த்து ஷிப்மென்ட்டை ஏற்றுக்கொள்வாரா? அளவு நாடாவும் மெஷர்மென்ட் சார்ட்டும் எடுத்துக்கொண்டு செக்கிங் டேபிளுக்கு வருகிறார் இல்லையா, நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முதலில் அளவு: மொத்தம் எத்தனை சதுர மீட்டர்? 30 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ 320 சதுர அடி. ஆறு பேருக்கு அது பத்தாது. அடுத்தது படுக்கை: 'ஆறு பேர் தங்கலாம்' என்பதில் எத்தனை பேருக்குக் கட்டில், எத்தனை பேருக்குச் சோபா? மூன்றாவது லிஃப்ட்: பாரிஸின் பழைய கட்டடங்கள் பலவற்றில் கிடையாது, முட்டி வலி உள்ள அம்மா ஐந்து மாடி ஏற முடியாது. நான்காவது தூரம்: 'மெட்ரோ அருகில்' என்ற வார்த்தையை விட்டுவிட்டு, வரைபடத்தில் நடக்கும் நேரத்தைப் போட்டுப் பாருங்கள். ஐந்தாவது விமர்சனம்: புகழ்ந்து எழுதியதைத் தாண்டிப் போய், கடைசி ஆறு மாதத்தில் குறை சொல்லி எழுதியதைப் படியுங்கள். ஒரே குறையை மூன்று பேர் சொன்னால் அது உண்மை.

200 டாலர் என்று போட்டிருந்தது, கட்டும்போது 240 ஆகிவிட்டது. ஏமாற்றா? (வாசகர், காங்கயம்)

ஏமாற்று இல்லை. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்திருக்கும். சிங்கப்பூரில் அதற்குப் பொருள் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 9 சதவீதம் ஜி.எஸ்.டி. 200 டாலர் 220 ஆகி, பிறகு 239.80 ஆகும். ஏழு இரவுக்கு 1,400 என்று நினைத்தது 1,678.60-ல் வந்து நிற்கும்.

மலேசியாவில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. துபாயில் தங்குமிடத்தின் தரத்தைப் பொறுத்து ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம். இவற்றைப் பெரும்பாலும் போய் இறங்கியதும் கவுண்டரில்தான் கேட்பார்கள். சுத்தம் செய்யும் கட்டணம், முன்வைப்புத் தொகை இரண்டையும் சேர்த்துக் கூட்டிய பிறகே இரண்டு இடங்களை ஒப்பிடுங்கள்.

கார்டு தேய்க்கும்போது 'ரூபாயில் கட்டுகிறீர்களா' என்று கேட்கிறார்கள். நல்லதுதானே? (வாசகர், வெள்ளகோவில்)

அந்த ஊர்ப் பணத்திலேயே கட்டுங்கள். அங்கேயே ரூபாயாக மாற்றும்போது அவர்கள் வைக்கிற மாற்று விலை அநேகமாக உங்கள் வங்கியின் விலையைவிட மோசமாக இருக்கும்.

வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் வந்து, 'தளத்தில் ரத்து செய்துவிட்டு எனக்கு நேராக அனுப்புங்க, பத்து சதவீதம் குறைக்கிறேன்' என்கிறார். (வாசகி, தாராபுரம்)

அனுப்பாதீர்கள். நேராக அனுப்பிய பணத்துக்கு ரசீதும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. தளத்தின் வழியாகக் கிரெடிட் கார்டில் கட்டினால், தகராறு வந்தால் வங்கியிடம் முறையிட ஒரு வழி இருக்கிறது.

டிராவல்ஸ்காரர் டி.சி.எஸ். வரி பிடிக்கிறார். நானே பதிவு செய்தால் பிடிக்க மாட்டார்களா? (வாசகர், பெருமாநல்லூர்)

விமான டிக்கெட், தங்குமிடம், சுற்றிக் காட்டுவது முதலான இதரச் செலவு: இந்த மூன்றில் இரண்டையாவது ஒன்றாகச் சேர்த்து விற்றால்தான் அது 'டூர் பேக்கேஜ்', அதற்குத்தான் இந்தப் பிடித்தம். தங்குமிடத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்தால் பேக்கேஜ் ஆகாது. பிடித்த பணமும் எங்கேயும் போய்விடாது. உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால் கிளம்பும் முன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐரோப்பா வீசா கைக்கு வரும் முன்பே தங்குமிடம் பதிவு செய்யச் சொல்கிறார்கள். வீசா கிடைக்காவிட்டால்? (வாசகர், அவிநாசி சாலை)

ஷெங்கன் வீசாவுக்குத் தங்குமிடச் சான்று வேண்டும் என்பது சரி. எனவே இலவசமாக ரத்து செய்யக்கூடிய பதிவை மட்டும் எடுங்கள். பணம் திரும்ப வராத மலிவு விலை வீசா கைக்கு வந்த பிறகு போதும். மூன்றைக் கவனியுங்கள்: பயணிகள் எல்லோர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும், தேதிகளில் ஓர் இரவுகூட விட்டுப்போகக் கூடாது, ரத்து செய்யும் கெடு பெரும்பாலும் அந்த ஊர் நேரப்படிதான். காசு கொடுத்துப் போலிப் பதிவு வாங்காதீர்கள். அகப்பட்டால் இந்த வீசாவோடு அடுத்த வீசாவும் போகும்.

2027-ல் ஹானோவரில் இட்மா கண்காட்சி. மெஷின் பார்க்கப் போகிறேன், குடும்பத்தையும் கூட்டிப்போகலாமா? (நிட்டிங் யூனிட் உரிமையாளர், மங்கலம் சாலை)

கூட்டிப்போங்க, ஆனால் கண்காட்சி முடிந்த பிறகு. செப்டம்பர் 16 முதல் 22 வரை உலகத்தின் ஜவுளி இயந்திரக்காரர்கள் அத்தனை பேரும் அந்த ஊரில் இருப்பார்கள். அறை விலை எகிறும். அந்த நாட்களில் நீங்களும் தொழில் நண்பரும் சேர்ந்து ஓர் அறை எடுங்கள். கண்காட்சி நாட்களில் வீட்டில் ஓர் அறையை விருந்தினருக்கு விடுகிற பழக்கம் ஹானோவர்க்காரர்களுக்கு நெடுநாளாக உண்டு. அல்லது ரயில் தொடர்புள்ள பக்கத்து ஊரில் தங்குங்கள். குடும்பம் 23-ஆம் தேதி வந்து சேரட்டும். அங்கிருந்து போய்ப் பெர்லினிலோ கொலோனிலோ அபார்ட்மென்ட் எடுங்கள். கொலோன் போகிற வழியில் ஹாம் நகரம். ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002-ல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில், கோபுரத்தோடு அங்கே நிற்கிறது. அவசியம் இறங்கிப் பாருங்கள்.

கிச்சன் இருக்கிறதே, மாமியார் மசாலா, நெய், பாத்திரம் எல்லாம் கட்டித் தருகிறார். கொண்டு போகலாமா? (வாசகி, ஊத்துக்குளி)

கசகசாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். துபாயில் அது தடை செய்யப்பட்ட பொருள். சிங்கப்பூரிலும் எடுத்துச் செல்லக் கூடாது. குருமாவுக்கு அரைத்த மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் ஆபத்துதான். ஊத்துக்குளி நெய்க்கும் வெண்ணெய்க்கும் ஐரோப்பாவில் அனுமதி இல்லை. பால் பொருளையும் இறைச்சியையும் வெளியிலிருந்து பயணிகள் எடுத்துவர அங்கே தடை.

அடுப்பு அநேகமாக இண்டக்‌ஷனாக இருக்கும். பித்தளையும் சாதா அலுமினியக் குக்கரும் அதில் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் வேண்டும். மிக்சி சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் ஓடும். ஜப்பானில் 100 வோல்ட், ஓடாது. தாளிக்கும் முன் புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். காய்ந்த மிளகாய் கருகினால் தீ எச்சரிக்கை மணி கட்டடம் முழுக்க அடிக்கும்.

சமையலறையோடு வீடு எடுத்தால் எனக்கு எங்கே விடுமுறை? இங்கே பண்ணுகிற இட்லியை அங்கேயும் நானே பண்ணணுமா? (வாசகி, பல்லடம்)

இந்த இதழின் முக்கியமான கேள்வி இதுதான். அபார்ட்மென்ட்டில் மிச்சமாகும் பணம் ஒருவர் முதுகு வலியிலிருந்து வரக் கூடாது. கிளம்பும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்: காலையில் ரொட்டி, பழம், பால், முட்டை, மதியம் வெளியே, இரவு யார் சமைக்கிறார்களோ அவர் பாத்திரம் கழுவ வேண்டாம். பாத்திரம் கழுவும் இயந்திரமும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள வீடாகத் தேடுங்கள், அவற்றை ஓட்டும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தமிழ்ச் சாப்பாடு நடக்கிற தூரத்தில் இருக்கும்படி இடம் பிடிப்பதும் உதவும்: சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை, கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், துபாயில் கராமா, பாரிஸில் லா ஷப்பல், லண்டனில் ஈஸ்ட் ஹாம். இதற்கெல்லாம் வீட்டில் சம்மதம் இல்லை என்றால், காலை உணவு தருகிற ஹோட்டலையே பதிவு செய்யச் சொல்லுங்கள். விடுமுறை உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பீஸ் ரேட் டைலர் நான். வீட்டில் நான்கு பேர். எங்களுக்கும் ஒருமுறை வெளிநாடு சாத்தியமா? (வாசகர், ராயபுரம்)

சாத்தியம்ங்க. கொழும்பில் தொடங்குங்கள். திருச்சியிலிருந்து விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே நாள் வாடகைக்கு அபார்ட்மென்ட்கள் உண்டு; திருமணத்துக்கு ஊர் திரும்பும் புலம்பெயர்ந்த தமிழர்கள் தங்குகிற இடம் அது. கடையிலும் பேருந்திலும் தமிழிலேயே பேசலாம், ரயில் நிலையம் நடக்கிற தூரம். இலங்கைக்குப் போகும் முன் இணையவழிப் பயண அனுமதி பெற வேண்டும். அதன் அப்போதைய நிபந்தனைகளை அரசு தளத்தில் மட்டும் பாருங்கள்.

முதல் செலவு பாஸ்போர்ட். பெரியவருக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், பத்து வருடம் செல்லும். இந்த போனஸில் அதை எடுத்துவிடுங்கள். அடுத்த போனஸ் வரை மாதாமாதம் ஒரு தொகையைத் தனியாகப் போட்டு வையுங்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள். தவணை கட்டுகிற ஒவ்வொரு மாதமும் அந்தப் பயணம் கசக்கும். தேதி முடிவானதும் எழுதுங்கள், எந்தத் தெருவில் எடுக்கலாம் என்று சேர்ந்தே பார்க்கலாம்.